பல்லாவரத்துக் கல்லும் அழகுணர்ச்சியும்

அழகுணர்ச்சி என்பது வயிறு நிறைந்த பிறகு மனிதனுக்கு வந்த ஆடம்பரம் என்று பலர் எண்ணுகிறார்கள். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதானே! இந்த எண்ணத்தை ஐயுற வைக்கும் கதை ஒன்று தாம்பரத்துக்கு அருகிலேயே தொடங்குகிறது.

1863 மே 30 அன்று, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததை உலகுக்கு உணர்த்திய கல் அது. அதே ஆண்டில் சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், 15 லட்சமாகவும் இருக்கலாம் என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன!

இக்கோடரிகள் பல நீர்த்துளி வடிவில் உள்ளன. நடுவே கோடு கிழித்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஏறத்தாழ ஒத்திருக்கும். இதைச் சமச்சீர் என்கிறோம். வெட்டுவதற்கு இது தேவையா? இங்கிலாந்தில் கைக்கோடரிகளைப் புதிதாகச் செய்து, அவற்றால் மான் இறைச்சியை வெட்டிப் பார்த்தார்கள். சமச்சீரால் பெரிய பயன் எதுவும் தெரியவில்லை என்பது 2007-இல் வெளியான முடிவு.

இருபுறமும் மாறிமாறித் தட்டினால் அவ்வடிவம் தானாகவே வந்துவிடும் என்பாரும் உண்டு. ஓரளவு உண்மைதான். எல்லாக் கோடரிகளும் அழகானவை அல்ல என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் கூடுதலாகத் தட்டும் ஒவ்வொரு அடியிலும் கல் முறிந்து, பட்ட பாடு வீணாகலாம். அப்படியிருந்தும் சிலர் தொடர்ந்து தட்டியிருக்கிறார்கள். சமச்சீரை, அதிலும் செங்குத்து அச்சில் அமைந்ததை, நம் கண் வெகு விரைவில் கண்டுகொள்கிறது. மனமும் அதை விரும்புகிறது. அந்த விருப்பம் அவர்களிடமும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பசியோடு வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே வடிவத்தை ரசிக்கும் கண் இருந்ததென்றால், அதை ஆடம்பரம் என்பது எப்படிப் பொருந்தும்?

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வரலாம். விளக்கச் சீட்டைப் படிக்குமுன், எந்தக் கல்லில் உங்கள் கண் நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடன் வரும் நண்பரும் தனியே குறிக்கட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.