செட்டு என்று ஒரு சொல்

'சஸ்டெய்னபிள்' என்ற ஆங்கிலச் சொல் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு தலைவலி. 'நீடித்த', 'நிலைத்த', 'வளங்குன்றா' என்று எதைப் போட்டாலும் அரசாங்க அறிக்கையின் வாடை அடிக்கிறது. சென்னையில் இந்த அடைமொழியோடு நடக்கும் உணவகம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவுகள் அங்கே மேசைகளாகியிருந்தன. ஒரு காபிக்குக் கொடுத்த காசில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிட்டிருக்கலாம்.

இந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போக வேண்டும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு (பத்மநாபபுரத்திலிருந்து படைவீரர்கள் கொண்டுவந்த பிள்ளையார், இன்றும் ராணுவத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறார்), ஓவர்பிரிட்ஜ் வழியாகத் தம்பானூருக்கு நடந்தால், பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு செங்கல் கோபுரம் நிற்கும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ்.

உள்ளே மாடிப்படி கிடையாது. நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவுப் பாதை. அதன் ஓரமாகவே மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தனியே மரச்சாமான் வாங்கும் செலவு மிச்சம். சுவரெங்கும் செங்கல் விட்டு விட்டு வைத்த துவாரங்கள். காற்றும் வெளிச்சமும் அவற்றின் வழியே வருகின்றன. ஏர்கண்டிஷன் இல்லை.

கட்டியவர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007ல் இதே நகரில் மறைந்தவர். வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசி வரை நினைவுகூர்ந்தவர். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களைத் தேடி வாங்கித் தன் கட்டடங்களில் பொருத்துவார். பழைய ஓட்டைக் கூரைக் கான்கிரீட்டுக்குள் வைத்து சிமெண்டையும் கம்பியையும் குறைப்பார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார். கால்வாசிச் செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே இறங்காது. அவர் பொருள்களை மிச்சம் பிடித்தது அலங்காரத்துக்காக அல்ல, ஏழைக்கும் வீடு கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக.

இந்தக் கட்டடத்துக்குப் பொருத்தமான முதலாளிகள் அமைந்ததுதான் விசேஷம். 1950களில் காபி வாரியம் தன் காபி கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலனின் யோசனையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958ல் திருச்சூரில் திறந்தது. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு மசால் தோசை கொண்டுவருபவரே கடையில் பங்குள்ளவர்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சாப்பிடுபவர் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிடுகிறார். பரிமாறுபவரோ தட்டோடு நாள் முழுக்க அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார். அவர் கெண்டைக்கால் வலி எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் வராது. தோசைக்குள் சிவப்பாகச் சிரிக்கும் பீட்ரூட்டும் ஐந்து மைலுக்குள் விளைந்ததல்ல. கேரளத்துக் காய்கறிக் கூடை பெருமளவு தமிழ்நாட்டை நம்பித்தான் நிறைகிறது.

ஆனாலும் இங்கே ரயிலுக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளியும் கல்லூரி மாணவியும் பென்ஷன்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பில்லைப் பார்த்து அஞ்சாமல் எழுந்து போகிறார்கள். பழைய கதவை விலையுயர்ந்த மேசையாக்குவது சுலபம். சாதாரண மனிதருக்குக் கட்டுப்படியாகும் கடையை, தொழிலாளர்களே தலைமுறை தாண்டி நடத்துவதுதான் கஷ்டம்.

நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் பாட்டிமார் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: செட்டு. இருப்பதை வீணாக்காமல், யார் வயிற்றையும் வாட்டாமல் குடும்பம் நடத்துவது. அடுத்த முறை அந்த ஆங்கிலச் சொல் என் மேசைக்கு வந்தால் இதைத்தான் எழுதுவதாக இருக்கிறேன். ஆசிரியர் அடித்துவிட்டால், அவரைத் தம்பானூருக்கு அழைத்துப்போய் ஒரு காபி வாங்கித் தருவேன். செலவு அதிகம் ஆகாது.