சந்தடியில்லாச் சாலையே சிறந்த சாலை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது முன்னோர் வாக்கு. வேகமே வெற்றி என்று எண்ணும் இந்நாளில் அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. சைக்கிள் ஓட்டுவதிலும் அப்படித்தான். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய், யாரை முந்தினாய் என்றே கேட்கிறோம். எந்தச் சாலையில் சென்றாய், வழியில் என்ன கண்டாய் என்று கேட்பவர் அரிது. ஆனால், சாலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சைக்கிள் பயணத்தின் உயிரே இருக்கிறது என்பது என் கருத்து. இதற்குச் சான்றாகத் தென் பிரான்சிலுள்ள லாவெண்டர் மலைநாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

லாவெண்டர் என்றதும் நமக்குச் சோப்பும் முகப்பவுடரும் நினைவுக்கு வரும். அந்த மணத்துக்குப் பெயர்பெற்ற நாடு புரொவான்ஸ். அங்கே பயிராவது இரண்டு வகை. உண்மையான லாவெண்டர் குளிர்ந்த மேட்டு நிலத்தை விரும்பும். எண்ணெய் குறைவு, மணம் மென்மை. லாவண்டின் என்பது கலப்பினம், தாழ்ந்த நிலத்திலும் செழித்து வளரும், எண்ணெயும் மிகுதி. மேட்டு நிலத்து எண்ணெயின் தரத்தைக் காக்க, 1981-ஆம் ஆண்டு முதல் அதற்குப் பிறப்பிடச் சான்றும் வழங்கப்பட்டு வருகிறது. வாலன்சோல் சமவெளியில் ஜூன் மாதக் கடைசியில் பூக்கள் நிறம் காட்டிவிடும். சுமார் 760 மீட்டர் உயரத்திலுள்ள ‘சோ’ என்னும் சிற்றூரிலோ, ஜூலையில் பூத்து, ஆகஸ்டுவரை அறுவடை நடக்கும். ஆகஸ்டு 15 அன்று அவ்வூரில் லாவெண்டர் திருவிழா. ஆகவே, மாதமறிந்து ஊரைத் தேர்ந்துகொள்வது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் வழியைத் தேர்வது. மேற்கிலிருந்து சோவுக்குச் செல்ல இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று, தேனீக் கணவாய் என்று பொருள்படும் பெயருடைய கணவாயைத் தாண்டி நேராகச் செல்வது. அவசரக்காரர்கள் அதில் போவார்கள். மற்றொன்று, நெஸ்க் என்னும் சிற்றாறு குடைந்த ஆழ்ந்த பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து வளைந்து செல்வது. இதில் ஏற்றம் மிதமானது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பாதாளம். இடையிடையே பாறையைக் குடைந்த சிறு குகைவழிகள். 734 மீட்டர் உயரத்தில் ஒரு காட்சிமுனை. அங்கு நின்றால் எதிரே ‘மெழுகுப் பாறை’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட செங்குத்துப் பாறை தெரியும். அவசரம் உள்ளோர் அனைவரும் நேர்வழியில் போய்விடுவதால் இவ்வழியில் லாரிகளின் இரைச்சல் குறைவு. சுற்றுவழி என்று பிறர் ஒதுக்கியதே இதன் பெருமை!

சோவைச் சுற்றியும் இத்தகைய சிறு சாலைகள் பல உண்டு. ஒரேல், ஃபெராசியேர், சேன் திரினி ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் ஊதா நிற வயலும் கோதுமை வயலும் அடுத்தடுத்து வரும். வடக்கே 1,200 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய்; அதன் பெயர் ‘இறந்த மனிதன்’! பெயர்தான் அச்சமூட்டுவதே தவிர வழி அமைதியானது. தெற்கே லுபெரோன் மலையைச் சுற்றி, 230 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் வழியைப் பலகைகள் காட்டிச் செல்கின்றன. அருகே கலவோன் பள்ளத்தாக்கில், ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதைத் தடத்தையே மோட்டார் வண்டிகள் புகாத வழியாக மாற்றியுள்ளனர். ரயில் செங்குத்தாக ஏறாது அல்லவா? ஆகவே, குழந்தைகளும் அதில் எளிதாக மிதிக்கலாம். கோர்து என்னும் ஊருக்கருகே, 1148-ல் நிறுவப்பட்ட செனான்க் மடம் உள்ளது. அங்குள்ள துறவியர் இன்றும் மடத்தின் முன்னே லாவெண்டர் பயிரிட்டுத் தம் கையுழைப்பால் வாழ்கின்றனர். அமைதியும் உழைப்பும் ஒன்றையொன்று பகைப்பதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

“இதெல்லாம் சரி, ஆனால் கடினமான மலையில் ஏறுவதன்றோ வீரம்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதே நாட்டில் 1,910 மீட்டர் உயரமுள்ள வான்டூ மலை நிற்கிறது. அதன்மீது ஏற மூன்று தார்ச்சாலைகள் உண்டு. பெதுவான் என்னும் ஊரிலிருந்து செல்லும் வழி மிகவும் புகழ்பெற்றது. சுமார் 21 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏற வேண்டும். 1967 ஜூலை 13 அன்று, பிரான்சுச் சுற்றுப் போட்டியில், டாம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் கடும் வெயிலில் அம்மலையின் உச்சியை நெருங்கும்போது விழுந்து உயிர் துறந்தார். களைப்பை மறைக்கும் ஊக்கமருந்தை அவர் உட்கொண்டிருந்தார். அவருக்கு வயது 29. திறமையில் குறைந்தவரல்லர், உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர். உடல் ‘போதும்’ என்று சொன்னதைக் கேட்கவிடாமல் செய்தது எது? வெற்றி ஒன்றையே எண்ணச் செய்யும் போட்டிவெறியன்றோ?

மலையே ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே வான்டூ மலைக்குச் சோவிலிருந்து மூன்றாவது வழி செல்கிறது. தூரம் சுமார் 26 கிலோமீட்டர். ஆனால் ஏற்றம் குறைவு. லாவெண்டர் வயல்களைக் கடந்து, காட்டு நிழலில் சென்று, இறுதியில் அதே உச்சியைத் தொடும். மெதுவாகச் சென்றவருக்கு மலை தன் உயரத்தில் ஒரு மீட்டரும் குறைத்துக் கொடுப்பதில்லை!

இக்கருத்து புதியதன்று. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி என்பவர் 1853-ல் இதே வட்டாரத்திலுள்ள பெர்ன் என்னும் ஊரில் பிறந்தவர். சைக்கிளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று, போட்டிக்காரர்கள் சிரித்த காலத்திலேயே வாதாடியவர். சைக்கிள் பயணிகளுக்கு அவர் வகுத்த விதிகள் புகழ்பெற்றவை. பசிக்குமுன் உண்க, தாகத்துக்குமுன் பருகுக, களைப்பு மிகுமுன் ஓய்க என்பன போன்ற அறிவுரைகளோடு, வீண்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பதையும் சேர்த்தார். இந்தக் கடைசி விதி சைக்கிளுக்கு மட்டுமா பொருந்தும்? படிப்புக்கும் பொருந்தும், பதவிக்கும் பொருந்தும்.

மாணவியரே, இதில் இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. சாலை எப்படியோ அப்படியே சைக்கிள் ஓட்டுவோரும் அமைவர். லாரிகள் சீறிப்பாயும் சாலையில் துணிந்த இளைஞர் சிலரே ஓட்டுவர். அமைதியான சாலையிலோ தாயும் ஓட்டுவாள், மகளும் ஓட்டுவாள், வயது முதிர்ந்தோரும் ஓட்டுவர். பாஸ்டன் நகரிலிருந்து 1894-ல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி என்ற பெண்மணி மூன்று குழந்தைகளின் தாய். அவர் 1895 ஜனவரியில், சைக்கிளுடன் புரொவான்சின் துறைமுகமாகிய மார்செய் வந்துசேர்ந்தார். அன்று மோட்டார் வண்டி அரிது. இன்று அதே நாட்டில், ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி 1.5 மீட்டராவது விலகிச் செல்ல வேண்டும் என்று சட்டம் உள்ளது. சட்டமும் சந்தடியில்லாச் சாலையும் சேர்ந்தால்தான் எளியோருக்கும் வழி திறக்கும். ‘பெண்களுக்குத் துணிவில்லை’ என்று சொல்லுமுன், அவர்களுக்கு எந்தச் சாலையைக் கொடுத்தோம் என்று கேட்பதே நேர்மை.

உரிமையுடன் கடமையும் உண்டு. லாவெண்டர் வயல் நமக்குக் காட்சி. உழவருக்கோ அது சோறு. பூத்த காலத்தில் வாலன்சோல் சாலையோரங்களில் கார்கள் நெருக்கி நிற்கின்றன. படம் எடுக்கும் ஆசையில் செடிகளை மிதிப்போரும், பூவை ஒடிப்போரும் உண்டு. வறட்சியும், பூச்சியால் பரவும் செடிநோயும், எண்ணெய் விலை வீழ்ச்சியும் அண்மை ஆண்டுகளில் அவ்வுழவரை வாட்டியுள்ளன. விருந்தினரும் வாட்டலாமா? சைக்கிளில் செல்பவர் குறைந்த இடமே அடைக்கிறார்; புகை விடுவதில்லை; கிராமத்துக் கடையில் ரொட்டி வாங்கி உண்கிறார். வரப்போரம் நின்று, தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்டு, மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதே முறை.

“நல்ல வழியை எல்லோருக்கும் சொன்னால் அங்கும் கூட்டம் சேராதா?” எனலாம். சைக்கிள்கள் பத்து கூடினாலும் அமைதி கெடாது. கார்கள் பத்து கூடினால் கெட்டுவிடும். ஆகவே சொல்ல வேண்டியது வழியை மட்டுமன்று, செல்லும் முறையையும்தான். விடியற்காலையில் புறப்படுக, வெயிலுக்குமுன் நிழல் சேர்க, தண்ணீர் நிறைய எடுத்துச் செல்க, முந்திச் செல்பவரைக் கண்டு பொறாமை கொள்ளாதே.

வாழ்க்கையிலும் நேர்வழி எனப்படும் நெரிசல் சாலை ஒன்று உண்டு. எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகவே நாமும் போவது. அதைவிட்டு, நம் ஆற்றலுக்கேற்ற அமைதியான வழியைத் தேர்வது கோழைத்தனமன்று. உச்சியை அடைவதோடு, வழியில் பூத்ததையும் காணத் துணிந்தவரின் அறிவுடைமை அது.