இலவசத்தால் இலங்கை ஆகிவிடுவோமா?

மணிமங்கலம் டீக்கடையிலும் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸிலும் ஒரு பேச்சு ஓயாமல் அடிபடுகிறது: "எல்லாத்தையும் இலவசமா கொடுத்தா நாமளும் இலங்கை மாதிரி ஆயிடுவோம்." 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து தனுஷ்கோடிப் பக்கம் கரையேறிய குடும்பங்களைக் கண்டவர்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் தவறு.

ஒன்று, இலங்கையைக் கவிழ்த்தது ஏழைக்குக் கொடுத்த அரிசியல்ல. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2021இல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்ததும் நெல் விளைச்சல் விழுந்தது. டாலர் கையிருப்பு கரைந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே நிறுத்தினார்கள்.

இரண்டு, வரவில் விழுந்த பள்ளத்தை மத்திய வங்கி புதுப் பணத்தால் நிரப்பியது. சரக்கு குறைந்து பணம் பெருகினால் விலை ஏறத்தான் செய்யும். சில மாதங்களில் டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியது. தமிழ்நாடு அரசுக்கோ நோட்டடிக்கும் அதிகாரமே கிடையாது. மத்திய அரசு விதிக்கும் வரம்புக்குள்தான் கடன் வாங்க முடியும். அதுவும் பெரும்பாலும் ரூபாயில்.

மூன்று, இலங்கையில் நடந்ததை 'மிகைப் பணவீக்கம்' என்பதும் பிழை. மாதத்துக்கு 50 சதவீதம் ஏறினால்தான் அந்தப் பெயர். அந்த வேகத்தில் 10 ரூபாய் டீ ஒரே ஆண்டில் சுமார் 1,300 ரூபாய் ஆகும். 1923இல் ஜெர்மனியும் 2008இல் ஜிம்பாப்வேயும் அந்த நிலையைக் கண்டன. உற்பத்தி முடங்கியபோது அரசு நோட்டடித்ததே இரண்டிலும் பொதுக் காரணம். இலங்கையின் உச்சம் 2022 செப்டம்பரில் ஆண்டுக்குச் சுமார் 70 சதவீதம். அதுவே வயிற்றில் அடித்தது; உணவு விலை ஏறக்குறைய இரட்டிப்பானது.

நான்கு, உதவித்தொகைதான் நோய் என்றால், அதை நிறுத்தியிருந்தால்தானே குணமாகியிருக்கும்? 2023 ஜூலையில் 'அஸ்வெசும' என்ற புது உதவித்தொகைத் திட்டத்தையே இலங்கை தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அரசு கேட்கும்போதெல்லாம் பணம் அடிக்கும் வழக்கத்தை அதே ஆண்டின் புது மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது.

தமிழ்நாட்டின் கடன் பெரிது. அதன் வட்டி வளர்வதைக் கேள்வி கேட்டே ஆகவேண்டும். ஆனால் விலை ஏறினால் நிலமும் தங்கமும் வைத்திருப்பவர் தப்பிப்பார். சம்பளம் உயராத ஒப்பந்தத் தொழிலாளிதான் நசுங்குவார். அவர் வீட்டுப் பெண்ணின் இலவச பஸ் பயணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். யாருக்கு வரி குறைந்தது, அந்தப் பள்ளத்தை எந்தப் பணத்தால் நிரப்பினார்கள் என்று கேளுங்கள்.