முள்ளை நம்பலாமா?



இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் ஓர் அளவுகருவியை நம்ப மறுத்து நடுவழியில் நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர் இருவரை, மலைமேல் உள்ள ஊர் ஒன்றில் நடந்த அறிவியல் வினாடி வினாப் போட்டிக்கு எனது சிறிய காரில் அழைத்துச் சென்றேன். அடிவாரத்திலேயே பெட்ரோல் அளவைக் காட்டும் முள், காலி என்பதைக் குறிக்கும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைத் தொட்டுவிட்டது. நான் கவலைப்படவில்லை. "முள் 'ஈ'யைத் தொட்ட பிறகும் 3, 4 லிட்டர் இருக்கும், 50 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம்" என்று நண்பர்கள் சொல்லியிருந்தனர். சமவெளியில் நானே இரண்டொரு முறை அப்படி ஓட்டியும் இருக்கிறேன். ஆனால் அன்று ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டி இருமிற்று, பிறகு நின்றேவிட்டது. பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முதல் சுற்று முடிந்துவிட்டது. ஒரு மாதம் உழைத்துப் படித்த மாணவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தனர்.

திரும்பும் வழியில் அவர்களில் ஒருவன் கேட்டான்: "முள் காலின்னுதானே சார் காட்டுச்சு? நாமதானே நம்பல?"

மாலையில் காரைப் பின்னோக்கி உருட்டி, சமதளமான இடத்தில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். இரண்டாம் முறையே கிளம்பிவிட்டது! அப்படியானால் பெட்ரோல் இருந்திருக்கிறது. நண்பர்கள் சொன்னதும் பொய்யன்று. முள் சொன்னதும் பொய்யன்று. இது எப்படி இயலும்?

டேங்க் எனப்படும் பெட்ரோல் தொட்டியினுள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு நீண்ட கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். பெட்ரோலின் மட்டம் ஏறி இறங்கும்போது மிதவையும் ஏறி இறங்கும். அதனால் கம்பியின் மறுமுனை ஒரு மின்தடையின் மீது வழுக்கி நகரும். தடை மாறினால் மின்னோட்டம் மாறும் என்று ஓமின் விதியில் படித்திருக்கிறீர்கள். பழைய கார்கள் பலவற்றில் இந்த மின்னோட்டம் ஓர் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைத்தது. அது முள்ளைத் தள்ளியது. பட்டை சூடேறச் சிறிது நேரம் ஆகும். ஆகவே பெட்ரோல் அலைபாயும்போதெல்லாம் முள் துள்ளுவதில்லை. இங்கே தாமதம் குறையன்று, குணம். பின்னர் வந்த கருவிகளில் கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் முள்ளைத் திருப்பியது. இன்று பல கார்களில் முள்ளுக்குப் பதில் ஒளிரும் கட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் தொட்டிக்குள் பெரும்பாலும் அதே மிதவைதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் அறிய விரும்புவது பருமன். மிதவை அளப்பதோ உயரம். அதுவும் தொட்டியின் ஓரிடத்தில் உள்ள உயரம் மட்டுமே. கிடைமட்டமாகப் படுக்கவைத்த உருளைத் தொட்டியில் கால் உயரத்திற்குத் தண்ணீர் இருந்தால் கால் பங்கு இருப்பதாகப் பொருளன்று. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. கார்த் தொட்டியோ உருளையுமன்று, பெட்டியுமன்று. சிறிய கார்களில் அது பெரும்பாலும் பின் இருக்கையின் கீழ், கிடைத்த இடத்திற்கேற்ப மேடும் பள்ளமுமாகத் தட்டையாக அமைந்திருக்கும்.

இந்தத் தட்டையான அமைப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2000 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 30 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதவை 1 சென்டிமீட்டர் தவறினால் 2 லிட்டர் பிழை. இப்போது கார், 10 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஏறுகிறது. தொட்டி சாய்கிறது, பெட்ரோலின் மேற்பரப்போ சாயாமல் கிடைமட்டமாகவே நிற்கிறது. தொட்டியின் நடுவில் மட்டம் மாறாது. ஆனால் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி மிதவை இருந்தால், அங்கே மட்டம் 2 சென்டிமீட்டர் மாறிவிடும். அதாவது 4 லிட்டர் பிழை! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 60 கிலோமீட்டர் தூரம். சமதளத்தில் பிரேக் போட்டாலும் இதுவே நிகழும். வேகம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் குறைந்தால், பெட்ரோலின் பரப்பு ஏறத்தாழ அதே அளவு சாயும். சிக்கனமான கார் என்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக தூரம் ஓடும். ஆகவே ஒவ்வொரு லிட்டர் பிழைக்கும் அதிக தூரம் ஏமாறுவோம்.

பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் தொட்டியின் ஓரிடத்தில்தான் இருக்கிறது. என் காரில் மிஞ்சியிருந்த பெட்ரோல், ஏற்றத்தில் பின்பக்கம் ஒதுங்கிவிட்டது; குழாயின் வாய் வறண்டது. பெட்ரோல் இருந்தது; ஆனால் எட்டவில்லை.

சரி, இயற்கை இடும் பிழைகள் இவை. இவற்றை நான் குறைகூற வரவில்லை. நான் வாதாட வந்தது இன்னொன்றைப் பற்றி. தொட்டி முழுவதும் தீரும் முன்பே முள் 'ஈ'யைத் தொடும்படி கார்களை அமைக்கிறார்கள். ஓட்டுநர் நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம். பிழை நேர்ந்தாலும் பாதுகாப்பான பக்கம் நேரட்டும் என்பது பொறியியலில் சிறந்த கொள்கை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகப்பில் அது எத்தனை லிட்டர் என்று எழுதுவதில்லையே! அதைத்தான் தவறு என்கிறேன்.

உங்களில் பலருடைய வீட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார்கள். பள்ளிக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்பதற்காக. முதல் வாரம் அது பயன்படும். இரண்டாம் வாரம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது" என்று நிதானமாகப் பல் துலக்குவீர்கள். ஒருநாள் அப்பா கடிகாரத்தைச் சரியான நேரத்திற்குத் திருப்பி வைத்தால் அன்று பேருந்து போய்விடும். பெட்ரோல் முள்ளும் அப்படியே. மறைத்து வைத்த சேமிப்பு நெடுநாள் மறைந்திருக்காது. அது வாய்மொழியாகப் பரவும். பரவும்போது 2 லிட்டர் 4 லிட்டராகும். பாதுகாப்புக்காக வைத்த இடைவெளி, கருவியை நம்பாதிருக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

பழைய ஏற்பாடுகள் இன்னும் நேர்மையானவை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் முன் இருக்கையைத் தூக்கித் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நனைந்த அளவே பெட்ரோலின் அளவு. 1950களின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் பெட்ரோல் காட்டும் முள்ளே இல்லை. இயந்திரம் தடுமாறினால் ஓட்டுநர் ஒரு நெம்பைத் திருப்பிச் சேமிப்புப் பெட்ரோலைப் பெறுவார். நம் ஊர் ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் 'ரிசர்வ்' என்ற இதே திருகு பல்லாண்டுக் காலம் இருந்தது. இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. தொட்டிக்குள் ஓர் உயரமான குழாய். அடியில் ஒரு தாழ்ந்த துளை. அவ்வளவே அதன் இரகசியம். மின்சாரம் இல்லை, மிதவை இல்லை. வண்டி திணறியதும் ரிசர்வுக்குத் திருப்பி, நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின் சிறிய காருக்கு மாறிய நடுத்தரக் குடும்பங்கள் பல. அவர்கள் திருகை விட்டு முள்ளை நம்பத் தொடங்கினார்கள்.

"இப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிகிறதே, இன்னும் 43 கிலோமீட்டர் என்று எண்ணே வருகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். விளக்கு நல்லதுதான். அது எரியும்போது எத்தனை லிட்டர் மீதம் என்று கையேட்டில் அச்சிட்டுள்ள கார்களும் உண்டு. அந்த எண்ணைக் கையேட்டில் மறைக்காமல் விளக்கின் அருகிலேயே பொறிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. '43' என்ற எண்ணோ, பெரும்பாலும் மிதவையின் அளவையும் அண்மையில் ஓடிய மைலேஜையும் பெருக்கிக் கிடைத்தது. மூலத்தில் உள்ள பிழை, இலக்கங்களாக எழுதியதால் மறைந்துவிடாது. மலைப்பாதையில் மைலேஜ் குறைந்தால் 43 என்பது 30 ஆகலாம்.

பிற கருவிகளுக்கு நாம் விதி வகுத்திருக்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதியின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. உண்மை வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் 92க்கு மேல் காட்டக் கூடாது. பிழையின் திசையும் தெரிகிறது, அளவும் தெரிகிறது. நம் நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையே குறையலாம். ஐயம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டும்படி நீங்களே கேட்கலாம். இத்தனை கவனமாக அளந்து வாங்கிய பெட்ரோலை, பிழை எவ்வளவு என்றே தெரியாத கருவியிடம் ஒப்படைப்பது முறையா?

கருவி மட்டுமா, நாமும் இதே தவற்றைச் செய்கிறோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யும் மாணவர்களின் ஏடுகளில் புவியீர்ப்பு முடுக்கம் 981 என்றே வந்து நிற்கும். புத்தகத்து எண் வரும்படி நேரக் கணக்கைச் 'சரிசெய்து' விடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுச் சமவெளியில் அதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 978தான்! '968, பிழை 15 வரை இருக்கலாம்' என்று எழுதும் மாணவனுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். தன் பிழையை அறிந்த அளவீடே அளவீடு.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். பெட்ரோலைத் தொட வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 100 மில்லிலிட்டர் வீதம் தண்ணீர் ஊற்றி, நடுவிலும் ஓரத்திலும் மட்டத்தைக் குறியுங்கள். பிறகு ஒருபுறம் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்து, மீண்டும் குறியுங்கள். வீட்டில் கார் இருந்தால், ஒவ்வொரு முறை டேங்க்கை நிரப்பும்போதும் முள் நின்ற இடம், போட்ட லிட்டர், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பத்து முறைக்குப் பிறகு வரைபடம் வரையுங்கள். உங்கள் வீட்டுக் காரின் முள் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு தவறுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நோட்டு இப்போது என் காரிலும் இருக்கிறது. அன்று கேள்வி கேட்ட மாணவன்தான் அதன் முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தான்.