புகையிலை வரியில் புகைப்பவருக்கும் ஒரு பங்கு வேண்டும்!

ராணிப்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தோல் கம்பெனிகள், சிப்காட், மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை விட்டுப் போன கழிவுக் குவியல்... ‘அந்தக் குரோமியம் கேன்சரைக் கொண்டு வரும்’ என்று ஊரே பயப்படுகிறது. நியாயமான பயம்தான். ஆனால், அதே குரோமியம் பீடி, சிகரெட் புகையிலும் சிறிதளவு இருக்கிறது, தெரியுமா? கழிவை அகற்ற அரசாங்கம் பணம் ஒதுக்கணும் என்று குரல் கொடுக்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் தினமும் புகைகிற விஷத்தை அகற்றப் பணம் கேட்கிறோமா? இல்லையே!

“பீடியை விடறதும் விடாததும் அவனவன் இஷ்டம். இதுக்கு அரசாங்கம் எதுக்குங்க செலவு பண்ணணும்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் ஒரு கணக்கு. புகையிலையால் வரும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017-18-ல் நம் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு, சுமார் 1,77,000 கோடி ரூபாய். கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், இழப்பு 800 ரூபாய்க்கும் மேல்! இந்த இழப்பு யார் தலையில் விடிகிறது? கணவரின் இதய ஆபரேஷனுக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறாரே, அந்த மனைவியின் தலையில். அப்பா படுத்துவிட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு ஷிப்டுக்குப் போகிறானே, அந்தப் பையனின் தலையில்.

அடுத்தது, அந்த ‘இஷ்டம்’. நிகோடின் பழகிய மூளைக்கு இஷ்டம் என்று ஒன்று பாதிதான் மிச்சம். விட்ட முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு என்று ஆளையே ஆட்டி வைக்கும். எந்த உதவியும் இல்லாமல் 100 பேர் முயற்சி செய்தால் சுமார் 4 பேர்தான் ஜெயிக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலோசனையும் மருந்தும் கிடைத்தால், இது இரண்டு மடங்குக்கு மேல் கூடும். 2016-17-ல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், புகைப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ‘விட்டுடணும்’ என்ற எண்ணத்தில்தான் இருந்தார்கள். ஆசை இருக்கிறது, கை கொடுக்கத்தான் ஆளில்லை.

அதே ஆய்வில் இன்னொரு அதிர்ச்சி. 2009-10-ஐ விட இந்தியா முழுவதும் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ 16.2-லிருந்து 20 ஆக ஏறியது!

சட்டம் இல்லாமல் இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08-ல் தொடங்கியது. 1800-11-2356 என்ற இலவச எண்ணும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால், போர்டும் அபராதமும் மிரட்டும், குணப்படுத்தாது. பகல் ஷிப்டில் தோல் உலர்த்துகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காலை 10 மணிக்கு வாலாஜா பெரியாஸ்பத்திரி க்யூவில் நிற்பாரா? சாயங்கால நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆலோசகரும் நிகோடின் சூயிங்கமும் இலவசமாகக் கிடைத்தால் கட்டாயம் வருவார்.

இதற்குப் பணம்? புகையிலை வரியிலேயே இருக்கிறது. தாய்லாந்தில் 2001-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மது, சிகரெட் கம்பெனிகள் கட்டும் கலால் வரியோடு கூடுதலாக 2 சதவீதம் வசூலித்து, மக்கள் ஆரோக்கியத்துக்கென்றே தனி நிதி வைத்தார்கள்.

“வரி, வரின்னா பீடி சுத்தற பொம்பளைங்க பொழப்பு என்னாகும்?” மேல்விஷாரம், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமுள்ளவர்கள் இப்படிக் கேட்பது நியாயம். மடியில் முறத்தோடு நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். பீடி மீது தனி வரி வசூலித்து, அவர்களின் வைத்தியத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் செலவிட 1976-லேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்த வரி போய்விட்டது. 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜி.எஸ்.டி.யையும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். பீடி மலிவானால் புகைப்பவருக்கு லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே, நான் கேட்பது இதுதான். புகையிலை வரியில் ஒரு சிறு பங்கைச் சட்டப்படி ஒதுக்குங்கள். பாதி, பழக்கத்தை விட நினைப்பவருக்கு. பாதி, பீடித் தொழிலாளி மாற்று வேலை கற்க. வேறு எதற்கும் தொடக்கூடாது!

நீங்கள் செய்ய வேண்டியது? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். மகளிர் குழுவில் தீர்மானம் போடுங்கள். எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது, ரோடு, தண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை, ‘விட்டுடறேன்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கேலி பண்ணாதீர்கள். அந்த இலவச எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் கொடுங்கள்.