பிழை ஆங்கிலத்தில், பழி தமிழுக்கா?



ஆங்கிலத் தேர்வுத்தாள் திருத்தப்பட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு பல்லவி தொடங்கிவிடும். "தமிழ்ப்பள்ளியில் சேர்த்ததால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இலக்கணம் கெடுகிறது." யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்திலும் இதையே கேட்டோம். 2021இல் அத்தேர்வு ஒழிக்கப்பட்டது, அடுத்து யு.ஏ.எஸ்.ஏ. வந்தது. தேர்வின் பெயர்தான் மாறியது. தமிழ்மீது போடும் பழி மாறவில்லை!

தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், சிவப்பு மையால் வட்டமிட்ட அந்தப் பிழைகளையே சற்று விசாரிப்போம்.

பிழை 1: 'ஷீ கோ டு ஸ்கூல்'

ஆண்டுதோறும் தவறாமல் வரும் பிழை இது. 'கோஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் மாணவர் 'கோ' என்கிறார். இது தமிழால் வந்ததா? அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது என்று எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றை மாற்றுவது தமிழ். 'அவள் போகிறான்' என்று சொல்லிப் பாருங்கள்; முதலாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சிரிக்கும். மலாய்மொழியில் 'சாயா பெர்கி', 'டியா பெர்கி' என வினை மாறாமல் நிற்கும். அது அம்மொழியின் இயல்பு. ஆக, எழுவாயும் பயனிலையும் இயைய வேண்டும் என்ற உணர்வைப் பிள்ளைக்கு ஊட்டியிருப்பதே தமிழ்தான். அதைத் தொட்டுக்காட்டி விளக்கியிருக்கிறோமா?

பிழை 2: 'ஹீ டிட் நாட் வென்ட்'

'போனான்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனான் இல்லை' என்று எந்தப் பிள்ளையும் பேசுவதில்லை. எதிர்மறையில் முதன்மை வினை காலங்காட்டாமல் 'போக' என நின்றுவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' காலத்தை ஏற்றுக்கொள்வதால் 'கோ' மாறாமல் நிற்கிறது. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால் ஐந்து நிமிடப் பாடம் இது.

பிழை 3: 'எ'யும் 'ஆன்'உம்

பயிற்சி நூல்கள் ஐந்து உயிரெழுத்துகளை மனனம் செய்யச் சொல்கின்றன. பிள்ளையோ 'ஆன் யூனிஃபார்ம்', 'எ ஹவர்' என்று எழுதிவிட்டு விழிக்கிறது. அவ்விரு சொற்களையும் ஒலிப்பதுபோலவே தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று 'யூ' என்னும் உயிர்மெய்யில் தொடங்கும். மற்றொன்று 'அவர்' என்று உயிரில் தொடங்கும். ஓர் அணில், ஒரு யானை என்று அறிந்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

தமிழின் சாயல் படியும் பிழைகளும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 'மூன்று புத்தகம் வாங்கினேன்' என்பது பேச்சில் இயல்பாதலால் 'த்ரீ புக்' வருகிறது. 'அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ் எபௌட்' என்று ஒட்டிக்கொள்கிறது. 'தி' என்னும் சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லாததால் அது விடுபடுகிறது. இவற்றுக்கு மருந்து தமிழை நிறுத்துவதா? 'தமிழ் இப்படி, ஆங்கிலம் அப்படி' என்று வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பதுதானே!

நாம் செய்வது என்ன? நூறு கேள்விகள் கொண்ட பயிற்சி நூல், அதைத் தொடர்ந்து இன்னொரு நூல், மாலையில் டியூஷன். விடையைப் பிள்ளை கண்டுபிடிக்கிறது; காரணம் தெரிவதில்லை. கேள்வி சற்று மாறினால் பழைய பிழை திரும்புகிறது. சிவப்பு வட்டம் 'எங்கே' என்று காட்டும். 'ஏன்' என்று சொல்லாது.

பெற்றோர்களே, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, உங்களுக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளை எதைக் கற்கும்? அதே 'ஷீ கோ'வைத்தான்! நல்ல தமிழும் போய், நல்ல ஆங்கிலமும் வராமல், எந்த மொழியிலும் காலூன்றாத தலைமுறை உருவாகும். பயிற்று மொழியை மாற்றினால் ஆங்கிலம் வளரும் என்று நம்பி, 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். அத்திட்டம் 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டதை நாம் மறக்கலாமா?

ஆசிரியர்களே, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில்தான் அமர்கிறோம். ஒரு மாணவரின் ஆங்கிலப் பிழைகளை இருவரும் சேர்ந்து பார்த்தது எத்தனை முறை? தமிழ் இலக்கணப் பாடத்தைத் 'தேர்வுக்கு வராது' என்று தள்ளிவைப்பவர், ஆங்கில இலக்கணத்துக்கான ஏணியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்.

மூன்று மொழிகளைச் சுமக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களிடம் தமிழ் இருப்பது குறையன்று; அது மற்ற மொழிகளுக்கான திறவுகோல். அதைப் பயன்படுத்தத் தெரியாமல் பூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது இனியேனும் நிற்கட்டும்!

சிந்திப்போம், செயல்படுவோம்.