தெர்மாகோல் ஆஷ்விட்ஸ்

எங்கள் மாவட்டப் பள்ளி ஒன்றில் ‘கூட்டுப் படைப்புத் திறன்’ போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். வங்கி குமாஸ்தா, பி.ஏ. ஆங்கிலம், விமர்சனம் எழுதுகிறவன். தகுதி போதும் போலிருக்கிறது. தலைப்பு, நாஜிகள் செய்த யூதப் படுகொலை. ஒரு குழு தெர்மாகோலில் ஆஷ்விட்ஸ் முகாம் செய்திருந்தது. இன்னொரு குழு கோடுபோட்ட சட்டையோடு விஷவாயு அறையில் செத்து விழுந்தது. பெற்றோர் கைதட்டினார்கள். செத்த பையன் ஒருவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். அன்று மேடையில் பொய் சொல்லாதது அந்தக் கண் ஒன்றுதான்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. மூன்று நாள் ஒத்திகையில் பிறர் வேதனையை அனுபவித்துவிடலாம் என்று அவர்களை நம்பவைத்ததைத்தான் சொல்கிறேன். வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகமே இத்தகைய பாவனைகள் வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்கிறது. பலியானவன் வேஷம் சுலபமானது. அதில் நாம் எப்போதும் நல்லவர்கள்.

இந்தப் பள்ளியிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய தூரத்தில், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் அரசு நுழைந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுங்கின. பெண்கள் குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். நம் ஆசிரியர்கள் போகவில்லை.

முகாம்களுக்கு அனுப்பிய யூதர்களுக்கு ஜெர்மன் ரயில்வே மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது. 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி. 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். இந்தக் கணக்கை எழுதியவன் ராட்சசன் அல்ல. என்னைப்போல் பேரேட்டில் கூட்டல் சரிபார்த்த குமாஸ்தா. பிள்ளைகள் நிஜமாகவே கூடிச் செய்யக்கூடிய வேலை இங்கே இருக்கிறது. 215ஐ இலாகாவாரியாகப் பிரித்துக்கொள்ளட்டும். வண்டிக்கு உத்தரவு எழுதியது யார்? புகாரை மூடிவைத்தது யார்? எந்த மேஜையில் ஒருவன் ‘மாட்டேன்’ என்றிருந்தால் இது நின்றிருக்கும்?

சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது என்பார்கள். விஷவாயு தாங்கியவர்களுக்கு இலாகாக் கணக்கா தாங்காது? நிஜக் காரணம் வேறு. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் வனத்துறைக்காரரும் இருப்பார், போலீஸ்காரரும் இருப்பார். ஆஷ்விட்ஸில் நமக்கு எந்தப் பக்கத்திலும் சொந்தக்காரர்கள் இல்லை. அதனால்தான் அது பாடமாகிறது.

பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. அடார்னோவை மேற்கோள் காட்டுகிற, பால் செலானை மொழிபெயர்க்கிற நண்பர்களில் எத்தனை பேர் அரூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறோம்? 1992இல் எனக்கு இரண்டு வயது. இதே மாவட்டத்தில் படித்து முடித்தேன். வாச்சாத்தியைப் பற்றி வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று முதல் பரிசு தெர்மாகோல் முகாமுக்கு. மதிப்பெண் தாளில் இருப்பது என் கையெழுத்து.